நடுங்கி முடிச்சதும் ஆரம்பிக்கிறேன்

அத்தியாயம் 14

சமையலறை மேடையில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில், அந்த நோட்டு திறந்தே கிடந்தது.

படபடப்பு தாங்காமல் கவுன்சலரிடம் போனபோது, அவர் எழுதச் சொல்லி அண்ணி ஒரே மூச்சில் எழுதிய பட்டியல். லிஃப்ட். பல்லி. நாய். தெரியாத நம்பரிலிருந்து வரும் போன். காற்றில் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. ‘உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்’ என்று யாராவது ஆரம்பிப்பது. கப்பலில் வேலை பார்க்கும் கணவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தால், மூன்றாம் நாள் காலை. இப்படியே போய்ப் பதினேழாவதாக, மற்றதைவிடப் பொடி எழுத்தில்: நான் நடுங்குவதை நாலு பேர் பார்ப்பது.

“பதினேழையும் ஜெயிக்கணும்னு யாரும் உங்களைக் கேட்கலை,” என்றார் கவுன்சலர். “எது உங்க வழியை மறிச்சுக்கிட்டு நிக்குதோ, அதை மட்டும் பார்க்கலாம். மத்தது ஓரமா இருந்துட்டுப் போகட்டும்.”

அன்றைக்கே பல்லிக்கும் நாய்க்கும் பொது மன்னிப்பு வழங்கப்பட்டது.

வீட்டில் அவளை அண்ணி என்று கூப்பிடுவது ஒரே ஆள்தான். ஆனால் அந்த ஒருத்தி கூப்பிடுகிற சத்தத்தில் தெரு முழுக்க அவள் அண்ணியாகிவிட்டாள்.

“அண்ணி! ஏழரை பஸ்ஸை விட்டா அடுத்தது எட்டே கால்தான்!”

சத்தம் போட்டவள் நாத்தனார். ஏழு வயதில் ரேடியோவைக் கழற்றிப் போட்டு, மறுபடி மாட்டி, பாடவும் வைத்தவள். அன்று அண்ணன்காரன் வைத்த ‘ஸ்பேனர்’ என்ற பெயர் இருபத்தேழு வயதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது அவள் லிஃப்ட் மெக்கானிக். நீலச் சட்டை, முழங்காலில் கிரீஸ் கறை, காதில் செருகிய டெஸ்டர்.

பட்டியலைப் படித்ததும் அவள் முதலில் சொன்னது: “பதினேழுல ஒண்ணே ஒண்ணுதான் என் டிபார்ட்மென்ட். அதை என்கிட்ட விட்டுடுங்க.”

அண்ணி லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவள் இல்லை. ஏறினால்தானே மாட்டுவதற்கு? பயத்துக்குக் காரணம் கேட்டால் அவளிடம் பதில் கிடையாது. கதவு மூடும் என்று நினைத்தாலே தொண்டை அடைக்கும், அவ்வளவுதான்.

இன்று அவள் போகவேண்டிய இடமோ பதினோராவது மாடி.

அண்ணி செய்வது செயற்கைக் கண். ஒரு கண்ணை இழந்தவர்களுக்கு, இருக்கிற கண்ணைப் பார்த்து அதன் ஜோடியைச் செய்து கொடுப்பாள். பன்னிரண்டு வருடமாக ஒரு சின்னப் பட்டறையில், அடுத்தவர் பெயர்ப் பலகைக்குக் கீழே அந்த வேலை. ஊரிலேயே பெரிய கண் மருத்துவமனை அதற்கென்று தனிப் பிரிவு தொடங்குகிறது. பிரிவை நடத்த ஆள் தேடுகிறது. போன வாரம் கடிதம் வந்தது. நேரில் வந்து, மூன்று பேர் பார்க்க, ஒரு நோயாளிக்குக் கருவிழி வரைந்து காட்ட வேண்டும். ஒன்றரை மணி நேரம்.

மூன்று பேர் பார்க்க. அந்த வரியில்தான் கடிதத்தை மடித்து வைத்தாள்.

போன வருடம் பட்டறையைப் பார்க்க வந்த ஒரு குழுவுக்கு முன்னால் வரைந்து காட்டச் சொன்னார்கள். கை நடுங்கித் தூரிகை கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள், எழுந்து, அப்படியே வாசல் வழியாக நடந்து வீட்டுக்கே வந்துவிட்டாள். செருப்பு பட்டறையில் நின்றுவிட்டது.

“மாமா, போதும். இன்னும் தேய்ச்சா அது காகிதமாயிடும்,” என்றாள் அண்ணி.

மாமனார் அவளுடைய வெள்ளைக் கோட்டை நான்காவது தடவையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எதையும் கையும் கணக்குமாகச் செய்தால்தான் அவருக்கு மனசு ஆறும்.

“லிஃப்ட்டுல ஆபத்து வர்ற நிகழ்தகவை நேத்து போட்டுப் பார்த்தேம்மா. ஒண்ணுமே இல்லை. வீட்டுக் குளியலறையில வழுக்கி விழறதுதான் அதிகம்.”

“பயத்துக்குக் கணக்கு வராது மாமா. அது ஒண்ணாம் வகுப்போட ஸ்கூலை விட்டு நின்னுடுச்சு.”

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். கோட்டை மடித்து அவள் கையில் கொடுக்கும்போது மட்டும் குரல் தணிந்தது. “போயிட்டு வாம்மா. நடந்ததை உடனே போன் பண்ணிச் சொல்லணும். நான் போன் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன்.”

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தூரிகைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். நெஞ்சுக்குள் யாரோ மேசை நாற்காலிகளை இழுத்து இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இந்த மாதிரி நேரத்துக்கென்று அவளே கண்டுபிடித்த வைத்தியம் ஒன்று உண்டு. எதிரில் இருப்பவர்களின் கண்ணைப் பார்ப்பாள். நிறத்தைப் பிரிப்பாள். எதிர் சீட்டு அம்மாளுக்குத் தேன் பழுப்பு, ஓரத்தில் புகைபோல ஒரு சாம்பல் வளையம். கம்பியைப் பிடித்து நின்றவருக்கு ஏறக்குறைய கறுப்பு; ஆனால் வெயில் பட்டால் அடியில் செம்மண் தெரியும். எந்தச் சாயத்தில் எத்தனை சிட்டிகை, எது முதல் பூச்சு, எது அடுத்தது என்று மனது கணக்குப் போட ஆரம்பித்ததும் நெஞ்சுக்குள் நாற்காலி இழுக்கும் சத்தம் கொஞ்சம் குறைந்தது.

“அந்தாளு உங்களையே முறைக்கறார் அண்ணி,” என்று ஸ்பேனர் காதில் சொன்னாள்.

“நான் முறைச்சேன். அவர் பதிலுக்கு முறைக்கறார்.”

மருத்துவமனைக்குள் நுழைந்தபோது கையில் முழுதாக நாற்பத்தைந்து நிமிடம் இருந்தது. தரைத்தளத்தில் வரிசையாக நான்கு லிஃப்ட். பக்கத்தில் படிக்கட்டுக் கதவு.

ஸ்பேனர் இரண்டாம் நம்பர் லிஃப்ட்டின் முன்னால் போய் நின்றாள். தன் பிள்ளையைப் பள்ளி விழாவில் அறிமுகப்படுத்துகிற தாய் மாதிரி அதன் கதவைத் தட்டிக் கொடுத்தாள்.

“இதுதான். முந்தாநாள் நானே கீழே குழிக்குள்ள இறங்கிப் பார்த்தேன். ஆறு கயிறு. ஒண்ணு இருந்தாலே மொத்த ஆளையும் தாங்கும். பிரேக்கைப் பிடிச்சு, விட்டு, பிடிச்சு, விட்டு... இது வழுக்கவே வழுக்காது. வாங்க.”

மூன்று வாரமாக இருவரும் இதற்காகத்தான் பாடுபட்டார்கள். முதல் வாரம், ஒரு கட்டடத்தில் லிஃப்ட்டுக்கு முன்னால் சும்மா நிற்பது. இரண்டாம் வாரம், ஒரு கால் உள்ளே. மூன்றாம் வாரம் இரண்டு காலும் உள்ளே. ஸ்பேனர் தன் ஷூவைக் கதவிடுக்கில் வைத்துக்கொள்ள, அண்ணி இருபது வரை எண்ணிவிட்டு வெளியே பாய்ந்தாள். கதவு ஒரு தடவைகூட மூடவில்லை.

இன்று மூடவேண்டிய நாள்.

அண்ணி லிஃப்ட்டைப் பார்த்தாள். படிக்கட்டைப் பார்த்தாள். பிறகு பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, “நான் படியில வர்றேன்,” என்றாள்.

“அண்ணி!”

“பதினொரு மாடிதானே? நேரம் இருக்கு.”

“மூணு வாரம் அண்ணி. வேலை முடிஞ்சு வந்து, அந்த வாட்ச்மேன்கிட்டக் கெஞ்சி, ஷூ நசுங்க நசுங்க...” ஸ்பேனருக்குக் குரல் ஏறியது. வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “பயந்து பின்வாங்கறீங்களா?”

“இல்லைடி. நல்லா கேளு. எனக்கு இன்னைக்கு ஒரு பயத்துக்குத்தான் தெம்பு இருக்கு. ரெண்டுக்கு இல்லை. லிஃப்ட்ல போய் இறங்கினா, மேல போறப்பவே பாதி உயிர் போயிருக்கும். அப்புறம் அந்த மூணு பேர் முன்னாடி உட்கார எதை எடுத்துட்டுப் போவேன்?”

“படி ஏறினா மட்டும்? மூச்சு வாங்கும். கை நடுங்கும்.”

“மூச்சு வாங்கறது பயமில்லை. உட்கார்ந்தா அடங்கிடும்.” அண்ணி அவள் தோளைத் தொட்டாள். “என் வழியை மறிச்சுக்கிட்டு நிக்கறது பதினேழாம் நம்பர். இந்த லிஃப்ட் இல்லை. இதுக்குச் சுத்திப் போக வழி இருக்கு. அதுக்குக் கிடையாது.”

ஸ்பேனர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தூரிகைப் பெட்டியை வெடுக்கென்று பிடுங்கினாள். படிக்கட்டுக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, முதல் ஆளாக ஏறத் தொடங்கினாள்.

மூன்றாம் மாடிவரை கோபம். நான்காம் மாடியில், “இந்த வயசுல உங்களுக்குத் தேவையா?” ஐந்தாம் மாடியில் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

ஏழாம் மாடியில் உட்கார்ந்தார்கள். ஸ்பேனரின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள், திரையைத் தொடையில் கவிழ்த்தாள்.

“யாரு?”

“ஆபீஸ்.”

“எடுத்துப் பேசேன்.”

“அப்புறம் பேசிக்கறேன்.”

ஸ்பேனருக்கு லிஃப்ட் ரிப்பேர் செய்யத் தெரியும், ரேடியோ ரிப்பேர் செய்யத் தெரியும். பொய் சொல்ல மட்டும் வராது. சொன்னால் காது சிவந்துவிடும். இப்போது இரண்டு காதும் பழுத்த தக்காளி. அண்ணி கவனித்தாள். கேட்க வாயெடுத்து, நேரத்தைப் பார்த்து, எழுந்துகொண்டாள்.

பதினோராம் மாடி அறையில் வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல். வெயில் நேராக விழாத, பால்போன்ற வெளிச்சம். பட்டறையின் ஒற்றைக் குழல் விளக்கில் பன்னிரண்டு வருடம் வரைந்தவளுக்கு அந்த வெளிச்சத்தைப் பார்த்ததுமே வாயில் எச்சில் ஊறியது.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த தலைமை டாக்டர் அம்மா. பக்கத்தில் ஆய்வக நிபுணர் ஒருவர். ஓரத்தில், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும் நிர்வாக அதிகாரி. ஸ்பேனர் வெளியே நடையில்.

ஜன்னலோர நாற்காலியில் நோயாளி. ஐம்பது வயது தாண்டிய கல்யாண போட்டோகிராபர். ஏழு மாதத்துக்கு முன்பு இடது கண்ணில் கட்டி வந்து, கண்ணையே எடுக்கவேண்டியதாயிற்று. பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

“நான் முன்னாடியே சொல்லிடறேன்,” என்றார் அவர், கையைக் கட்டிக்கொண்டு. “இத்தனை பேர் முன்னாடி கண்ணாடியைக் கழட்ட மாட்டேன். நேத்து வந்த ரெண்டு பேர்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். டாக்டரம்மா எடுத்த போட்டோ இருக்கு. அதைப் பார்த்து வரைஞ்சாங்க. நீங்களும் வரைஞ்சுக்கலாம்.”

மேசைமேல் அவருடைய வலது கண்ணின் படம் இருந்தது. பளிச்சென்ற, பழுதில்லாத படம். ஆனால் படத்தில் கண் அசையாது. வெளிச்சம் மாறும்போது நிறம் மாறாது. இதைப் பார்த்து வரைந்தால் கண்ணின் படத்துக்குத்தான் ஒரு படம் கிடைக்கும்.

சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. பெட்டியைத் திறந்து தூரிகையை எடுத்தாள். நுனி, காற்றில் கிடந்த நூல்போல ஆடியது. அதிகாரியின் பேனா நின்றது. மூன்று பேரும் கையைத்தான் பார்த்தார்கள். போட்டோகிராபரும் பார்த்தார்.

கதவு ஐந்தடி தூரத்தில் இருந்தது.

காது அடைத்தது. முதுகில் வியர்வை இறங்குவது தெரிந்தது. எழுந்திரு, எழுந்திரு என்று இரண்டு காலும் கெஞ்சின. அண்ணி தூரிகையை மேசைமேல் வைத்தாள். இரண்டு கையையும், எல்லாரும் பார்க்கிற மாதிரி, வெள்ளைத் துணிமேல் விரித்து வைத்தாள்.

“எனக்கு ரெண்டு நிமிஷம் கை நடுங்கும்,” என்றாள். குரலும் நடுங்கியது. “மூணுகூட ஆகலாம். அதை மறைக்கப் போறதில்லை. நடுங்கி முடிச்சதும் ஆரம்பிக்கிறேன்.”

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். “நேரம் ஓடிக்கிட்டிருக்கும்மா.”

“ஓடட்டும் சார். எனக்குள்ளயும் அதுதான் ஓடுது.”

விரல்கள் துணிமேல் தாளம் போட்டன. முதலில் விரல், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை வரை. இதற்குமேல் தாங்காது என்று தோன்றிய இடத்தில் இன்னும் ஒரு படி ஏறியது. அங்கே சிறிது நேரம் நின்றது. அப்புறம், ஆச்சரியம், தானாகவே இறங்கத் தொடங்கியது.

இதுவரை எந்த நடுக்கத்தையும் அவள் முடிவுவரை பார்த்ததில்லை. எல்லாவற்றிலும் பாதியிலேயே எழுந்து ஓடியிருக்கிறாள். அதற்கு ஒரு முடிவு இருக்கிறது என்பதே இன்றைக்குத்தான் தெரிகிறது!

“ஏம்மா,” என்றார் போட்டோகிராபர் மெதுவாக. “எல்லாரும் பார்க்கறாங்களே... எப்படி உட்கார்ந்திருக்கீங்க?”

“ஓடிப் பார்த்துட்டேங்க. செருப்புதான் போச்சு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும், சற்று நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“எப்படியும் நான் ஒரு கண்ணை மூடிக்கிட்டுத்தான் வேலை பார்த்தேன். அதனால நஷ்டம் பாதிதான்னு வீட்ல ஒரு ஜோக் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கலை.”

“நல்ல ஜோக்தாங்க. முகத்தை இப்படித் திருப்புங்க.”

அண்ணி தூரிகையை எடுத்தாள். நுனி அசையவில்லை.

அதன் பிறகு அறையில் யார் இருந்தார்கள் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. சட்டைப் பொத்தான் அளவு வில்லை. நடுவில் கண்பாப்பாவுக்குக் கறுப்புப் புள்ளி. அதைச் சுற்றி வெந்தயப் பழுப்பு. அதன்மேல், மையத்திலிருந்து வெளியே ஓடும் முடியிழை போன்ற கோடுகள். ஒன்று மாதிரி இன்னொன்று இருக்கக்கூடாது. ஒரு பூச்சு காயக் காத்திருக்கும் நேரத்தில் அவர் கண்ணைப் பார்ப்பாள். அவரை மேலே பார்க்கச் சொல்வாள், ஜன்னலைப் பார்க்கச் சொல்வாள், தன்னைப் பார்க்கச் சொல்வாள்.

மூன்றாம் பூச்சுக்கு முன்னால்தான் அது தட்டுப்பட்டது. கருவிழியின் கீழ்ப்பக்கம், ஓரத்தில், உடைந்த கடுகு அளவு ஒரு தங்கப் புள்ளி. மேசைமேல் இருந்த படத்தில் அந்த இடம் இமை நிழலில் போயிருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒற்றை முடித் தூரிகையால் அதை வைத்தாள். ஓரத்தில் சாம்பல் வளையம் ஒன்றைப் பூசி, புகைபோல மங்கலாக்கினாள். கடைசியாக வில்லைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். காய்ந்து மங்கிக் கிடந்த வண்ணமெல்லாம் ஈரம் பட்டதும் உயிர்பெற்று ஆழமாயிற்று. மேசைமேலிருந்து ஒரு கண் அவளைப் பார்த்தது.

“முடிச்சுட்டேன்,” என்றாள். ஆறு நிமிடம் மிச்சம்.

தலைமை டாக்டர் எழுந்து வந்தார். வில்லையை இடுக்கியில் எடுத்துப் போட்டோகிராபரின் கன்னத்துக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் பிடித்தார். வில்லையையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். நிபுணர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். போட்டோகிராபர் கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.

“இந்தப் புள்ளி... இது எனக்கு இருக்கா?”

“இருக்குங்க.”

“ஐம்பத்து மூணு வருஷமாவா?”

“ஆமாங்க.”

“ஊர்ல இருக்கற அத்தனை மணப்பொண்ணு கண்ணையும் ஃபோகஸ் பண்ணியிருக்கேன்,” என்றார் அவர். “என் கண்ணை நான் பார்த்ததே இல்லை.” கைக்கண்ணாடியை வெகு நேரம் கீழே வைக்கவில்லை.

அண்ணியை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். நடையில் ஸ்பேனர் குறுக்கும் நெடுக்குமாக நடந்ததில் தரை தேய்ந்திருக்கும். பத்து நிமிடம். இருபது நிமிடம். கதவு திறந்தது. தலைமை டாக்டர் தானே வெளியே வந்தார்.

“கை நடுங்கறவங்களை எப்படி எடுக்கறதுன்னு எங்க ஆபீசர் கேட்டார்,” என்றார் எடுத்த எடுப்பில். “இந்தப் பிரிவுக்கு வர்றவங்க எல்லாருமே நடுங்கிக்கிட்டுத்தான் வருவாங்க, அது தெரிஞ்ச ஆள்தான் எனக்கு வேணும்னு சொல்லிட்டேன். திங்கட்கிழமை சேர முடியுமா?”

“முடியும்,” என்றாள் அண்ணி. கேள்வி முடிவதற்கு முன்பே சொல்லிவிட்டாளோ என்று பின்னால் சந்தேகமாக இருந்தது.

டாக்டர் உள்ளே போனதுதான் தாமதம், ஸ்பேனர் அண்ணியை இடுப்போடு சேர்த்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். தூரிகைப் பெட்டி கடகடவென்று ஆடியது. “இது ஆஸ்பத்திரி!” என்று ஒரு நர்ஸ் அதட்டினாள். “தெரியும் சிஸ்டர், இவங்க இனிமே இங்கதான்!” என்றாள் ஸ்பேனர்.

இருவரும் சிரித்துக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்கள். அண்ணி நான்கு எட்டு வைத்தவள் நின்றுவிட்டாள்.

“திங்கட்கிழமையிலேர்ந்து தினமும் பதினொரு மாடி.”

“ஆமா.”

“காலையில ஏறி, மதியம் இறங்கி, மறுபடி ஏறி...”

“ஆமா அண்ணி,” என்றாள் ஸ்பேனர், முகத்தை வெகு சாதுவாக வைத்துக்கொண்டு.

“அப்ப இது இப்ப என் வழியில வந்து நின்னுடுச்சுடி.” அண்ணி உதட்டைக் கடித்தாள். உடம்பெல்லாம் இன்னும் அந்த வெற்றியின் சூடு இருந்தது. “ஒரு மாடி. பதினொண்ணுலேர்ந்து பத்து. அவ்வளவுதான். பத்துல இறங்கி மிச்சத்தை நடந்துடுவேன்.”

ஸ்பேனர் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினாள்.

இரண்டாம் நம்பர்தான் வந்தது. உள்ளே யாரும் இல்லை. அண்ணி இரண்டு காலையும் எடுத்து வைத்தாள். பின்சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கதவு நகர்ந்தது, நடுவில் சந்து குறுகிக் குறுகி, காணாமல் போயிற்று.

‘ஏறும், நிற்கும், இறங்கும்’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். லிஃப்ட்டைச் சொல்லவில்லை, நடுக்கத்தை.

பக்கத்தில் பார்த்தால், ஸ்பேனரின் கை அவளைவிட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணி, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்.”

“அடிப்பாவி! இங்கேயா? அதுவும் என் லிஸ்ட்ல இருக்குடி!”

“வெளியில சொன்னா நான் ஓடிடுவேன். மூணு தடவை ஓடிட்டேன். இங்கதான் என்னாலயும் ஓட முடியாது.” ஸ்பேனர் கண்ணை மூடிக்கொண்டு படபடவென்று கொட்டினாள். “கம்பெனியில என்னைப் பயிற்சிக்கு எடுத்திருக்காங்க. எழுபது பேர்ல ரெண்டே பேர். கடல் தாண்டிப் போகணும். ஒன்பது மாசம்.”

டிங் என்றது. பத்தாம் மாடி. கதவு திறந்தது. ஈரத் தரையில் ஒரு துடைப்பமும் வாளியும். நான்கு எட்டில் படிக்கட்டு.

அண்ணி வெளியே பார்த்தாள். ஸ்பேனரைப் பார்த்தாள். கையை நீட்டி, தரைத்தளத்துக்கான பொத்தானைத் தானே அழுத்தினாள்.

“இப்ப முழுசாச் சொல்லு.”

கதவு மூடியது.

“திரும்பி வந்தா நான் ரிப்பேர் பண்ற ஆள் இல்லை, லிஃப்ட் பாஸா இல்லையான்னு கையெழுத்துப் போடற ஆள். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். காலையில போன் வந்ததும் அதுக்குத்தான்.”

“சரின்னு சொல்லிட வேண்டியதுதானே! இதுல என்னடி பயம்?”

“அப்பா.” ஸ்பேனரின் குரல் உடைந்தது. “அண்ணன் கப்பல்ல. நீங்க இனிமே இங்க. நானும் போயிட்டா பகல் முழுக்க அவர் தனியா. போகாதேன்னு சொன்னா நின்னுடுவேன் அண்ணி, அது பெரிசில்லை. போயிட்டு வாம்மான்னு சொல்லிட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டார்னா? அதைப் பார்க்கத்தான் தைரியம் இல்லை.”

அண்ணி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நீலச் சட்டையில் கிரீஸ் வாசனை அடித்தது. எங்கோ ஒரு டிங் கேட்டது, கதவு திறந்தது, ஜனங்களின் சத்தம் உள்ளே பாய்ந்தது.

“எந்த மாடி இது?” என்றாள் அண்ணி.

“தரைத்தளம்.”

“மொத்தமும் வந்துட்டோமா?”

“மொத்தமும்.”

அண்ணி வெளியே வந்து, கிடைத்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஸ்பேனர் அழுதுகொண்டே சிரித்தாள்.

அண்ணியின் போன் அடித்தது. மாமனார். அய்யோ, போன் பண்ண மறந்தே போச்சு! ஸ்பீக்கரில் போட்டாள்.

“மாமா, கிடைச்சுடுச்சு! திங்கட்கிழமை சேரணும்!”

“சபாஷ்!” என்றார் அவர். அவர் குரலுக்குப் பின்னால் விடாமல் ஹாரன் சத்தம். “சபாஷ்ம்மா! எனக்குத் தெரியும். சின்னவ பக்கத்துல இருக்காளா?”

“இருக்கா மாமா.”

“அவ பேருக்கு ஒரு கடிதம் வந்தது. கண்ணாடி போடாம, எனக்குத்தான்னு பிரிச்சுட்டேன். அப்புறம் கண்ணாடி போட்டுக்கிட்டு முழுக்கப் படிச்சும் பார்த்துட்டேன்.”

ஸ்பேனரின் காதிலிருந்து கழுத்துவரை சிவப்பு இறங்கியது. “அப்பா, நான் சொல்லலாம்னுதான்...”

“நீ பேசாதே. போன்ல பேசற விஷயமா இது? நேர்ல பார்த்துத்தான் சொல்லணும்.”

“இதோ, வீட்டுக்கு வந்துட்டே இருக்கோம் மாமா,” என்றாள் அண்ணி.

“நான் வீட்ல இல்லைம்மா. மெயின் ரோட்டுல நிக்கறேன். அந்தப் பக்கம் போனாத்தானே உங்க ஆஸ்பத்திரிக்குப் பஸ்?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டு மாதத்துக்கு முன்பு அதே சாலையைக் கடக்கும்போதுதான் ஒரு வண்டி அவரை இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவர் தெருமுனைக் கடையைத் தாண்டியதே இல்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

“சிக்னல் மூணு தடவை விழுந்துடுச்சு,” என்றார் கணக்கு வாத்தியார். “மூணு தடவையும் கால் வரலை.”

“அப்பா, அங்கேயே...” என்று ஸ்பேனர் கத்தத் தொடங்கினாள். அண்ணி கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

“மாமா, அங்கேயே நில்லுங்க, அரை மணியில நாங்க வந்து கையைப் பிடிச்சுக்கறோம். அதுல ஒரு குறைச்சலும் இல்லை. இல்லை, கடந்து வரணும்னு தோணினா வாங்க. இன்னைக்கு எதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

ஹாரன். யாரோ யாரையோ திட்டும் குரல். ஒரு பஸ் மூச்சுவிட்டு நிற்கும் சத்தம். பிறகு, திடீரென்று, சாலையே அடங்கியதுபோல ஓர் அமைதி.

“பச்சை விழுந்துடுச்சும்மா,” என்றார் மாமனார். “போனை வெச்சுடறேன். எனக்கு ரெண்டு கையும் வேணும்.”

அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுத்தபோது, ஸ்பேனர் வாசலைத் தாண்டி பஸ் நிறுத்தத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.